கிட் மரவீடு: ஜன்னல் நிலையைக் கட்டையோடு திருகலாமா, கூடாதா?

மூலைமட்டம்:
"கட்டை வீட்டு கிட், அதாவது அளவா வெட்டி வர்ற பாகங்களை, வாங்கினா ரெண்டு பேர் சேர்ந்து சனி ஞாயிறில் நிறுத்திடலாம். ஜன்னல் நிலையை நாலு பக்கமும் கட்டையோடு திருகி, இடைவெளியில் ஃபோம் அடிச்சா வேலை முடிஞ்சது"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். கீழே கைதட்டல் வேற! நிலையைக் கட்டையில் திருகவே கூடாதுங்க. சுவரில் படுக்கவெச்சு அடுக்கின கட்டை குறுக்குவாக்கில் சுருங்கும். நிமிர்ந்து நிக்கிற நிலை நீளவாக்கில் சுருங்காது. சுவர் இறங்கும், நிலை இறங்காது. அதனாலதான் நிலைக்கு மேலே இடைவெளி.

சனிஞாயிறு:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொன்னா வாய் சுட்டுடுமா? என் கிட் 44 மி.மீ. கட்டை. பொட்டலத்து மேலேயே "சூளையில் உலர்த்தியது"ன்னு அச்சடிச்சிருக்கு. உலர்ந்த மரம் இனிமே எங்கே சுருங்கறது? திருகினேன். கதவு ஒரு விரலால தள்ளினாலே திறக்குது.

நாக்குக்காடி:
ரெண்டு பேரும் ஒரே வீட்டைப் பத்தித்தான் பேசறீங்களா? 44 மி.மீ. தோட்டத்து அறை வேற, 200 மி.மீ. உருளைக் கட்டையில் குடியிருக்கிற வீடு வேற. உலர்த்தியதுன்னா எத்தனை சதவீதம் ஈரம்? அதைச் சொல்லிட்டுச் சண்டை போடுங்க.

மூலைமட்டம்:
சதவீதம் கிடக்கட்டும். 19-ன்னே வைங்க, அதுவரைக்கும் வந்தாலே "உலர்ந்தது"ன்னு முத்திரை குத்திடறாங்க. உள்ளே கணப்பு எரிஞ்சா 10 பக்கம் இறங்கும். குறுக்கே ஒன்றரை சதவீதம் சுருங்கினாலே 2400 மி.மீ. சுவரில் 36 மி.மீ. போச்சு. 2000 மி.மீ. கதவு வாசலுக்கு மட்டும் 30. அந்த 30 எங்கே போகும், உங்க ஒரு விரலுக்குள்ளேயா?

சனிஞாயிறு:
கணக்கு வாத்தியார் வந்துட்டார், எல்லாரும் எழுந்து நில்லுங்க. மழை வந்தா மரம் உப்புமே, அது உங்க கணக்கில் எந்தப் பக்கம்?

மூலைமட்டம்:
உப்பினாலும் சுருங்கினாலும் பதில் ஒண்ணுதான். திருகாதீங்க. அந்த ஃபோமும் இறுகிட்டா கல்லு. மேல் இடைவெளியில் அமுங்கிக் கொடுக்கிற கம்பளி இழையோ கண்ணாடிப் பஞ்சோதான் வைக்கணும். மறைக்கிற பட்டியை மேல்கட்டையில் மட்டும் அடிக்கணும், நிலையில் அடிக்கக் கூடாது.

இழைப்புளி:
அண்ணன் சொல்றது அத்தனையும் சரி. ஆனா வராந்தாத் தூணுக்கு அடியில் திருகு ஜாக்கி வைங்க, சுவர் இறங்க இறங்கத் தளர்த்தணும்னு நான் எழுதினப்போ "இது கார் ஷெட் இல்லை"ன்னு சிரிச்சது யாரு? தூணும் நிமிர்ந்த மரம்தானே?

மூலைமட்டம்:
தூண் வேற விவாதத் திரி. இங்கே நிலை.

இழைப்புளி:
அதானே பார்த்தேன்.

புதுசா_வந்தவன்:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். கிட் வாங்கலாம்னு இருக்கேன். அஸ்திவாரம், வயரிங் எல்லாம் அந்த விலையில் அடக்கமா?

நாக்குக்காடி:
பெரும்பாலும் இல்லை தம்பி. கட்டை, கதவு, ஜன்னல், கூரைச் சட்டம்னு வெளிக்கூடு மட்டும்தான் வரும். அஸ்திவாரம், குழாய், மின்சாரம் உங்க தலையில். பட்டியலை வரிக்கு வரி படிங்க. முதல் வரிசை வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மூலைவிட்டத்துக்கும் டேப் பிடிங்க, அளவு ஒண்ணா இருக்கணும். கீழே விட்ட கோணல் கூரையில் போய் பல்லிளிக்கும். வயர் போற துளையைக் கட்டை ஏத்தும்போதே போட்டுக்கோங்க. அப்புறம் மேலிருந்து கீழே துளைக்க உங்களால ஆகாது.

மூலைமட்டம்:
அஸ்திவாரம் நேரா இருந்து என்ன, நிலையைத் திருகிட்டா?

சனிஞாயிறு:
ஐயா, கனவிலும் திருகுதான் வருதா? இவ்வளவு பேசறீங்களே, உங்க வீட்டுப் படம் ஒண்ணு போட்டிருக்கீங்களா இதுவரைக்கும்?

மூலைமட்டம்:
என் படம் அப்புறம். உங்க ஜன்னலுக்குப் பக்கத்தில், மேல்வரிசைக் கட்டைகளுக்கு நடுவே கிட்டப் போய்ப் பாருங்க. சாயம் படாத வெளுத்த கோடு தெரியுதா? அது அடுத்த கட்டையோட காடிக்குள்ளே, அதாவது பள்ளத்துக்குள்ளே, மறைஞ்சிருக்க வேண்டிய நாக்கு, கட்டை விளிம்பில் நீட்டிக்கிட்டிருக்கிற பட்டை. நிலை மேலே கட்டை உட்கார்ந்து தொங்குது, அதனால வெளியே எட்டிப் பார்க்குது.

சனிஞாயிறு:
கோடு இருக்கு. அது சாயம் சரியில்லாததால. டப்பாவே மட்டம்.

மூலைமட்டம்:
காடிக்குள்ளே ஒளிஞ்சிருந்த இடத்துக்குச் சாயம் எப்படிங்க போகும்?

சனிஞாயிறு:
நான் கட்டையை அடுக்கறதுக்கு முன்னாடியே அடிச்சேன்.

இழைப்புளி:
நாக்கிலுமா அடிச்சீங்க? அப்ப வெளுத்த கோடு எப்படி வந்துச்சு?

சனிஞாயிறு:
உங்ககிட்ட யாரு கேட்டா? நீங்க போய்த் தூணுக்கு ஜாக்கி வைங்க.

இழைப்புளி:
வெச்சாச்சு. சிரிச்சவர் வீட்டு வராந்தாக் கூரை எந்தப் பக்கம் சாயுதுன்னு அவர்கிட்டயே கேளுங்க.

மூலைமட்டம்:
என் வராந்தாவை இழுக்காதீங்க. நிலையைத் திருகலாமா கூடாதா, அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

புதுசா_வந்தவன்:
அப்போ 44 மி.மீ. வாங்கலாமா, வேண்டாமா?