மறு: ஸ்விட்ச் 'ஓப்பன்', 'குளோஸ்' – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

> நார்மலி ஓப்பன், நார்மலி குளோஸ்டு இரண்டுக்கும் 'இயல்பில் திறந்தது', 'இயல்பில் மூடியது' என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

வேண்டாம் என்பது என் கட்சி. பயிற்சிக்கு வரும் பையன்களிடம் "இந்த ஸ்விட்ச் திறந்திருக்கிறது" என்று சொன்னால், பாதிப் பேர் கரண்ட் போகிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மடையைத் திறந்தால் பாயும். மின்சுற்றில் மட்டும் தலைகீழ்: திறந்தால் ஓட்டம் நிற்கும், மூடினால் ஓடும். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. அதைச் சீர்வரிசை வைத்து நாம் அழைத்துவர வேண்டியதில்லை.

'தொட்டது', 'விட்டது' என்று சொல்லிப் பாருங்கள். உள்ளே இருப்பது இரண்டு உலோக முனைகள். தொட்டால் ஓட்டம், விட்டால் இல்லை. விட்டகுறை தொட்டகுறை என்று நமக்குப் பழகின ஜோடியும்கூட.

மீட்டரைக் கையில் எடுத்தால் வித்தியாசம் புரியும். ஒரு ஏசி எந்திரத்தின் 24 வோல்ட் கட்டுப்பாட்டுச் சுற்று. டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு முனையிலிருந்து உயர் அழுத்த ஸ்விட்ச், தாழ் அழுத்த ஸ்விட்ச், மிதவை ஸ்விட்ச் (வடிநீர்த் தட்டு நிரம்பினால் ஓட்டத்தை நிறுத்துவது) மூன்றும் வரிசையாகப் போய், கான்டாக்டர் (கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுக்கும் காந்த ஸ்விட்ச்) காயில் வழியாகப் பொது முனைக்குத் திரும்புகின்றன. தெர்மோஸ்டாட் குளிர் கேட்கிறது, கான்டாக்டர் இழுக்கவில்லை. கறுப்பு முனையைப் பொதுவில் வைத்துவிட்டு, சிவப்பை ஒவ்வொரு ஸ்விட்ச் தாண்டியும் நகர்த்துகிறோம்: 26, 26 (24 என்பது பெயரளவுதான்), மிதவை தாண்டியதும் 0. விட்டது அங்கேதான்.

இப்போது அதே மிதவை ஸ்விட்சின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் 26 காட்டும். நன்றாக இருக்கும் மற்ற இரண்டிலும் 0. புதிதாக வருபவர் தடுமாறுவது இங்கேதான்: சுழி காட்டுவது நல்ல ஸ்விட்ச், முழு வோல்ட் காட்டுவது அறுந்த இடம்! 'மூடியது, அதனால் சுழி' என்றால் மனப்பாடம்தான். 'தொட்டுக்கொண்டிருக்கிறது, இரண்டு பக்கமும் ஒன்றே, அதனால் வித்தியாசம் சுழி' என்றால் அவனே சொல்லிவிடுவான். (இரண்டு ஸ்விட்ச் ஒரே நேரத்தில் விட்டிருந்தால் இந்த முனைக்கு முனை சோதனை ஏமாற்றிவிடும். பொதுவில் ஒரு முனையை வைத்து நடப்பதே பத்திரம்.)

அப்புறம் அந்த மிதவை. ஸ்விட்ச் கெட்டுப்போனது என்று முடிவு கட்டி இரு முனையையும் ஒயரால் இணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தட்டில் நீர் நிரம்பியதால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். அடைப்பை எடுத்தால் தானே தொடும்.

'இயல்பில்' என்ற சொல்லும் எனக்கு நெருடுகிறது. தாழ் அழுத்த ஸ்விட்சைப் பெட்டியிலிருந்து எடுத்து ஓம் வைத்துப் பார்த்தால் விட்டிருக்கும். எந்திரத்தில் மாட்டி அழுத்தம் ஏறியபின் தொடும், ஓடும்போதெல்லாம் தொட்டபடியே இருக்கும். இதில் எது இயல்பு? ஆங்கிலச் சொல் குறிப்பது எந்த விசையும் படாத நிலையை. 'ஓய்வில் தொட்டது', 'ஓய்வில் விட்டது' என்பது என் முன்மொழிவு.

———

ஐயா, 'ஓய்வில்' அருமை, கேட்டவுடன் புரிகிறது. 'தொட்டது' சரி. 'விட்டது' மட்டும் இடிக்கிறது. "தண்ணீர் விட்டாச்சா?" என்றால் என்ன பொருள்? கரண்ட் விட்டார்கள் என்றால் வந்துவிட்டது என்றுதானே சொல்கிறோம்? 'திற'வை வாசல் வழியாக அனுப்பிவிட்டு 'விடு'வைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

———

மாட்டிக்கொண்டேன். நேற்று நானே "சப்ளை விட்டுப் பார்" என்று சொல்லியிருக்கிறேன், விட்டகுறை ஆசையில் கவனிக்கவில்லை.

'விலகியது' என்று மாற்றலாம். முனை விலகும், ஓட்டம் நிற்கும். விலகுவதால் எதுவும் பாயாது. வரைபடத்தில் எழுத ஓ.தொ., ஓ.வி. என்று சுருக்கினாலும் இடம் போதும்.

> கன்டின்யூட்டிக்கு 'தொடர்ச்சி' போதுமா?

போதும், சுற்று அறாமல் இருக்கிறதா என்று ஓம் வைத்துப் பார்ப்பதுதானே. சப்ளையை நிறுத்திவிட்டு, ஒரு பக்க ஒயரையாவது கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும் என்று விளக்கத்தில் சேருங்கள். இல்லாவிட்டால் காயில் வழியாகவே சுற்றிவந்து, விலகிய ஸ்விட்சையும் தொட்டதாகக் காட்டக்கூடும்.

எதுவும் இணையாத ஒயரில் டிஜிட்டல் மீட்டர் காட்டும் அந்தப் பேய் வோல்டேஜுக்கு 'கானல் வோல்டேஜ்' என்று ஒன்று வைத்திருக்கிறேன். அது தனி மடலில்.