புதுப்பிப்பு: அக்கா மகளின் புழுவெட்டு

சில மாதங்களுக்கு முன், அக்கா மகளுக்கு உச்சந்தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டியதைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். பூச்சி கடித்திருக்கும், வெங்காயச் சாறு தேயுங்கள் என்று நிறையப் பேர் எழுதினீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டோம். புழுவெட்டுதான். பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடம்பின் எதிர்ப்புச் செல்களே முடியின் வேர்க்காலைத் தாக்குகின்றன. வேர்க்கால் அழிந்துபோவதில்லை, அதனால் மறுபடி முளைக்க வாய்ப்பு உண்டு. இதுதான் எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

அந்த இடத்திலேயே மெல்லிய ஊசியால் ஸ்டீராய்டு போட்டார்கள். இப்போது நடுவில் வெள்ளையாகப் பூனைமுடி எழும்பியிருக்கிறது. முதலில் வெள்ளையாக வந்து அப்புறம் கறுப்பது வழக்கம்தானாம். அக்கா தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறாள்.

தலை முழுக்கக் கொட்டினால் என்ன வழி என்று ஒருவர் கேட்டிருந்தார். 2022-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்காகப் பாரிசிட்டினிப் மாத்திரையை அனுமதித்தது. ஆய்வுகளில் 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு 36 வாரத்தில் தலையின் குறைந்தது 80 சதவீதத்தில் முடி இருந்தது. நிறுத்தினால் பலருக்குத் திரும்பக் கொட்டுகிறது, தொற்று அபாயமும் உண்டு. தயவுசெய்து மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.