ஜெபிக்கவே முடியவில்லை என்று சொல்லும் விசுவாசிக்கு என்ன செய்வது?

அத்திமரம் கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஜெபக்குழு நடத்துகிறவர்களும் ஆத்தும விசாரிப்பில் அனுபவமுள்ளவர்களும் பதில் சொன்னால் உதவியாயிருக்கும்.

பல வருடம் உறுதியாக நின்ற ஒரு விசுவாசி, "இனி முடியாது, எல்லாவற்றையும் விட்டுவிடலாம்போல இருக்கிறது" என்கிறார். பாவத்தில் விழவில்லை. உபதேசத்தில் சந்தேகமும் இல்லை. நெடுநாள் கேட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை, செய்த ஊழியத்தில் பலன் தெரியவில்லை, வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்தாகத் தெரிகிறது. இவைதான் அவர் சொல்லும் காரணங்கள். ஆராதனைக்கு வருவதும் குறைந்துவிட்டது.

21 நாள் உபவாசம் எடுக்கச் சொல்லலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். கண்டித்துப் பேசினால்தான் விழிப்பார் என்கிறார் இன்னொருவர். எது சரி? முதல் ஒரு மாதத்தில் நாங்கள் என்னென்ன செய்யவேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று விவரமாகச் சொல்லுங்கள். "விசுவாசத்தில் நில்லுங்கள்" என்று ஏற்கெனவே சொல்லிப் பார்த்துவிட்டோம்.

---

எழுதாணி:

இப்போது உபவாசம் வேண்டாம், கண்டிப்பும் வேண்டாம்.

1 இராஜாக்கள் 19ஐ மெதுவாக வாசியுங்கள். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனியாக நின்ற எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறான். கர்த்தர் அவனுக்குச் செய்தது எந்த வரிசையில் வருகிறது என்று கவனியுங்கள். முதலில் தூக்கம். பிறகு தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. தூதன் அவனைக் குற்றப்படுத்தவில்லை. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று மட்டும் சொல்லுகிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி ஓரேப் மலையில்தான் வருகிறது, அதாவது 40 நாள் கழித்து. நாம் அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுகிறோம். ஆகவே முதல் வாரத்தில் நீங்கள் விசாரிக்கவேண்டியது அவருடைய தூக்கம், சாப்பாடு, வேலைச்சுமை, ஓய்வு. சபையில் அவர் எத்தனை பொறுப்புகளைச் சுமக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று இருந்தால் இரண்டை வேறொருவருக்குக் கொடுங்கள். தண்டனையாகத் தோன்றாதபடி, எத்தனை வாரத்துக்கு என்று தேதி குறித்துக் கொடுங்கள்.

அதே அதிகாரத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எலியா தன் வேலைக்காரனைப் பெயெர்செபாவில் நிறுத்திவிட்டுத் தனியாகப் போனான். கர்த்தர் அவனுக்குக் கொடுத்த கட்டளைகளில் ஒன்று, எலிசாவை அபிஷேகம்பண்ணுவது. அதிகாரம் முடியும்போது அவனுக்குத் துணை ஒருவன் இருக்கிறான்.

அடுத்தது கண்டிப்பு. 1 தெசலோனிக்கேயர் 5:14 மூன்று வகை ஆட்களுக்கு மூன்று வகைச் சிகிச்சை சொல்கிறது: ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள். "திடனற்றவர்" என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ஒலிகொப்சுகொஸ், உள்ளம் சிறுத்துப்போனவர் என்று பொருள். நீங்கள் சொல்லும் விசுவாசி இந்த இரண்டாம் வகை. முதல் வகைக்கான மருந்தை இவருக்குக் கொடுத்தால் நோய் கூடும்.

இங்கே நம் தமிழ் வேதாகமத்தை வாசிக்கிறவர்களுக்கு ஒரு குழப்பம் நேர்கிறது. எபிரெயர் 3:13, 10:25 இரண்டிலும் "ஒருவருக்கொருவர் புத்திசொல்ல"ச் சொல்லியிருப்பதால், சோர்ந்தவரைப் பிடித்து அறிவுரை சொல்வது கடமை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் தெசலோனிக்கேயரில் "புத்திசொல்லுங்கள்" என்ற இடத்தில் இருக்கும் சொல் வேறு, அதில் எச்சரிப்பு உண்டு. எபிரெயரில் இருப்பது பரகலேயோ என்ற கிரேக்கச் சொல். பரிசுத்த ஆவியானவரைத் "தேற்றரவாளன்" என்கிறோமே, அந்தச் சொல்லும் இதே வேரிலிருந்து வருவதுதான். பக்கத்தில் நின்று ஊக்கப்படுத்துவது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எபிரெயர் 3:13ல் "நாடோறும்" என்று இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் பேசுவதைவிட, தினமும் இரண்டு நிமிடம் விசாரிப்பது அந்த வசனத்துக்கு நெருக்கமானது.

முதல் மாதத்துக்கு ஒரு வாக்குறுதியை மட்டும் அவரிடம் கேட்டு வாங்குங்கள்: சபையை விடுவது, ஊழியத்தை ராஜினாமா செய்வது, ஞானஸ்நானமே பொய் என்று முடிவு கட்டுவது போன்ற பெரிய தீர்மானம் எதையும் இந்த நாட்களில் எடுப்பதில்லை என்று. ஆத்தும வறட்சியின் காலத்தில், அதற்கு முன் தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது கத்தோலிக்கத் துறவி லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) வகுத்த விதி. சபைப் பிரிவுகளைத் தாண்டிப் பயன்படுகிற விதி அது. இருட்டில் தெரியாமற்போன வழி இல்லாமற்போகவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு, இதை அழுத்திச் சொல்கிறேன். சபைக்குள்ளேயே யாராவது அவரை மிரட்டுகிறார்கள், துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்றால் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லாதீர்கள். அந்த இடத்தை விட்டு விலகுவது கிறிஸ்துவை விட்டு விலகுவது ஆகாது. பொறுமை என்று நாம் வாசிக்கும் ஹுப்பொமொனே என்ற கிரேக்கச் சொல், பாரத்தின்கீழ் நிலைத்து நிற்பதைக் குறிக்கும். அந்தப் பாரம் கிறிஸ்துவைப் பின்பற்றுவதால் வருவது, ஒரு கொடுமைக்காரன் ஏற்றிவைப்பது அல்ல.

---

சாமக்காவல்:

எழுதாணி சொன்னதோடு ஜெபத்தைப்பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

சோர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரேவிதமாகத்தான் தவறுகிறார்கள். ஒரு கூட்டத்தில் உருக்கமான செய்தியைக் கேட்டு, "நாளையிலிருந்து காலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபம், தினமும் பத்து அதிகாரம்" என்று ஆரம்பிப்பார்கள். சில நாளில் தடைபடும். பிறகு "இதுகூட என்னால் முடியவில்லை" என்ற குற்ற உணர்வு பழைய சோர்வின்மேல் ஏறி உட்காரும். வேதத்தை ஒரு வருடத்தில் முடிக்கும் அட்டவணையும் இப்படித்தான். மொத்தம் 1189 அதிகாரம், நாளுக்கு மூன்று அல்லது நான்கு. ஐந்து நாள் விட்டால் பாக்கி பதினைந்துக்கு மேல். அந்தப் பாக்கியைப் பார்த்தே புத்தகத்தை மூடிவிடுவார்கள். விட்ட நாட்களைத் துரத்திப் பிடிக்கவேண்டாம். இன்றைய தேதிக்குரியதைத் திறந்தால் போதும்.

இவருக்கு நான் சொல்லும் அளவு: காலையில் பத்து நிமிடம், இரவில் மூன்று நிமிடம். காலையில் ஒரே ஒரு சங்கீதம், சத்தமாக. மனதுக்குள் வாசித்தால் கண் ஓடும், எதுவும் நிற்காது. வாய்விட்டு வாசித்தால் குறைந்தபட்சம் காது கேட்கும். பிறகு பரமண்டல ஜெபம், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு மூச்சு இடைவெளி விட்டு. சொந்த வார்த்தை வந்தால் சரி, வராவிட்டாலும் ஜெபம் முடிந்தது என்றே எழுந்திருக்கலாம். இரவில், பிசாசு பிடித்த மகனுக்காக இயேசுவிடம் வந்த தகப்பன் மாற்கு 9:24ல் கதறின ஒரே வரி: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பத்து நிமிடம் என்று வைத்தால் பதினோராவது நிமிடம்வரை உட்காரட்டும். வறட்சியில் வரும் சோதனை நேரத்தைக் குறைப்பதாகத்தான் இருக்கும். அதற்கு எதிராகக் கொஞ்சம் கூட்டுவது மனதைத் திடப்படுத்தும். அதற்குமேல் கூட்டவேண்டாம்.

எந்தச் சங்கீதம்? துதியின் சங்கீதங்களை இப்போது கொடுக்காதீர்கள். 13ல் தொடங்குங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. இந்த மூன்று பகுதியையும் சொந்தமாக எழுதிப் பார்க்கச் சொல்லலாம்: எதைக்குறித்து "எதுவரைக்கும்" என்கிறேன், என்ன கேட்கிறேன், எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பகுதி எழுத வரவில்லை என்றால் காலியாக விடட்டும். 88ஆம் சங்கீதமே அப்படித்தான், துதிக்குத் திரும்பாமல் முடிகிறது. அதை வேதத்துக்குள் வைத்திருக்கிறார் கர்த்தர். அந்த நிலையில் ஏறெடுக்கும் ஜெபத்தையும் அவர் ஜெபமாகவே ஏற்கிறார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பிறகு 42, 43 இரண்டையும் சேர்த்து ஒரே பாட்டாக வாசியுங்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்பது மூன்று முறை திரும்ப வரும். ஒருமுறை சொல்லித் தீராததால்தான் மூன்று முறை.

4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ் இந்தச் சலிப்புக்கு "மத்தியானப் பிசாசு" என்று பெயர் வைத்தார். 91ஆம் சங்கீதத்தில் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று நாம் வாசிக்கும் இடத்தின் கிரேக்க வாசகத்திலிருந்து வந்த பெயர். அவர் சொல்லும் அடையாளங்கள் நம் காலத்துக்கும் பொருந்தும்: பகல் நகரவே மாட்டேன் என்பதுபோல் தோன்றும், இருக்கிற இடம் வெறுக்கும், சகோதரரிடையே அன்பே அற்றுப்போயிற்று என்று படும், வேறெங்காவது போனால் கர்த்தரைப் பிரியப்படுத்தலாம் என்று மனம் சொல்லும். அவர் சொன்ன மருந்து, அறையை விட்டுப் போகாதே என்பதுதான்.

---

பிசின் தைலம்:

மருத்துவப் பக்கத்திலிருந்து சுருக்கமாக.

ஆத்தும வறட்சியும் மனச்சோர்வு நோயும் ஒன்றுபோலத் தெரியும், இரண்டும் சேர்ந்தும் வரும். வறட்சியில் ஜெபம் கசந்தாலும் குழந்தையின் சிரிப்பு, பிடித்த வேலை, நண்பரின் பேச்சு இவற்றில் இன்பம் மிச்சமிருக்கும். நோயில் எல்லாமே சப்பென்று போய்விடும். மனம் தாழ்ந்திருப்பதோ எதிலும் நாட்டமில்லாததோ ஏறக்குறைய எல்லா நாளும் இரண்டு வாரம் நீடித்து, அதோடு தூக்கம், பசி, கவனம் கெட்டு, "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணமும் வந்தால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை போன்றவையும் இப்படிச் சோர்வைக் கொண்டுவரும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

"சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போங்கள். மருந்து எடுக்கிறவர் "விசுவாசத்தால்" திடீரென நிறுத்தினால் உடல் மோசமாகப் பாதிக்கப்படலாம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரம் ஆகும். பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியர் என்பதை மருந்துக்குத் தயங்குகிறவர்களுக்கு நினைப்பூட்டலாம்.

---

அத்திமரம்:

மிகுந்த நன்றி. தூக்கத்தையும் சாப்பாட்டையும் நாங்கள் விசாரிக்கவே இல்லை, இன்றைக்கே கேட்கிறோம். இரண்டு கேள்வி பாக்கி. "எல்லாரும் சாட்சி சொல்லும்போது நடிக்கவேண்டியிருக்கிறது" என்று கூட்டத்துக்கு வர மறுக்கிறார், கட்டாயப்படுத்தலாமா? "விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்கும் என்றீர்களே, எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்டால் என்ன சொல்வது?

---

நான்கு பேர்:

கட்டாயப்படுத்தவேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். மாற்கு 2ல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்தார்கள்; "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் ஒரு வார்த்தையும் பேசினதாக அங்கே இல்லை. ஆகையால் பாடவோ சாட்சி சொல்லவோ தேவையில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்தால் போதும் என்று சொல்லுங்கள். "உங்களுக்குப் பாட வராத நாட்களில் நாங்கள் உங்களுக்காகவும் சேர்த்துப் பாடுகிறோம்" என்று சொன்னால் அவர் புரிந்துகொள்வார். ஒருவர் போய் அழைத்து வந்து, முடிந்ததும் கூடவே கிளம்பட்டும். வாசலில் நிறுத்தி "என்ன, ரொம்ப நாளா காணோம்" என்று கேட்கும் ஆட்களிடமிருந்து காப்பாற்றுவதும் அழைத்து வருகிறவருடைய பொறுப்பு.

உங்கள் கூட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். சாட்சி நேரத்தில் ஜெயம் மட்டுமே பேசப்படுகிறதா? சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். நம் கூட்டங்களில் அதற்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்குகிறோமா? வாரம் ஒரு புலம்பல் சங்கீதத்தை எல்லாரும் சேர்ந்து வாசியுங்கள், விளக்கம் வேண்டாம். அப்போது அவர் நடிக்கத் தேவையிராது.

இரண்டாம் கேள்விக்கு அவசரமாகப் பதில் தேடாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் யோபு 42:7ல் கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள். "எங்கேயோ பாவம் இருக்கும்", "விசுவாசம் பத்தவில்லை", "இதைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்": இந்த மூன்றையும் குழுவில் யாரும் சொல்லக்கூடாது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அவராகவே விடை கேட்டால் 2 கொரிந்தியர் 12ஐத் திறங்கள். பவுல் மூன்று முறை வேண்டினான், அவன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கவில்லை. கெத்செமனேயில் இயேசு வேண்டியும் பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. எபிரெயர் 11ன் கடைசியில், விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்களே வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்று இருக்கிறது. கேட்டது கிடைக்காததை விசுவாசக் குறைவின் அத்தாட்சியாக வைத்தால் இவர்கள் எல்லாரையும் விசுவாசம் குறைந்தவர்களின் பட்டியலில் சேர்க்கவேண்டும். ஏன் என்ற காரணம் நமக்குக் கொடுக்கப்படவில்லை என்றால் அதையே நேர்மையாகச் சொல்லுங்கள்.

பேதுருவுக்கு இயேசு சொன்னது உங்கள் குழுவுக்கும் வழிகாட்டும்: "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." பேதுரு தன்னைத் தாங்குவதற்கு முன்பே ஒருவர் அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரை நியமித்து, உங்கள் விசுவாசியின் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபிக்கச் சொல்லுங்கள். அதை அவரிடம் ஒருமுறை மட்டும் தெரிவியுங்கள், அடிக்கடி நினைவுபடுத்தினால் கடன்போல் உறுத்தும்.

திரும்பி வரத் தொடங்கும்போது உடனே மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள், பல குழுக்கள் இங்கேதான் கெடுத்துக்கொள்கின்றன. யோவான் 21ல் கரிநெருப்பின் பக்கத்தில் முதலில் "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார் ஆண்டவர்; அவர்கள் சாப்பிட்ட பின்புதான் பேதுருவிடம் "என்னை நேசிக்கிறாயா?" என்ற கேள்வியும் "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்ற பொறுப்பும் வருகின்றன. முதல் பொறுப்பாக நாற்காலி போடுவது, நோயாளி ஒருவரைப் பார்க்கப் போகிறவரோடு துணைக்குப் போவது போன்ற ஒன்றை நான்கு வாரத்துக்குக் கொடுங்கள். ஐந்தாம் வாரம் தொடரலாமா வேண்டாமா என்று அவரையே கேளுங்கள்.