மோட்டோகிராஸ் சஸ்பென்ஷனும் எண்டூரோ சஸ்பென்ஷனும்: ஓட்டிப் பார்த்தவர்களின் அனுபவம்

டிராக்குக்கென்று வாங்கிய மோட்டோகிராஸ் வண்டியை, கிளிக்கரை (சஸ்பென்ஷனை இறுக்கித் தளர்த்தும் திருகு) மட்டும் திருகிவிட்டுக் கல்லும் வேருமான பாதையில் ஓட்ட முடியுமா? அந்த மாதிரி பாதைக்கென்றே செய்த எண்டூரோ வண்டியை ஜம்ப் உள்ள டிராக்கில் இறக்கினால் தாங்குமா? யூடியூப் விளக்கம் நிறையப் பார்த்தாயிற்று. இரண்டையும் ஓட்டியவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்.

செம்மண், கோவை

என்னுடையது கவாஸாகி கேஎக்ஸ் 250. நண்பரிடம் கேடிஎம் 350 இஎக்ஸ்சி-எஃப். இரண்டும் ரோட்டில் ஓட்ட முடியாதவை, எங்கே போனாலும் பிக்கப்பில் ஏற்ற வேண்டும். ஏற்காட்டில் அவருடைய மாமாவுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்துக்குள் ஓர் ஓடை, கோடையில் வற்றிப்போய் வெறும் உருண்டைக் கல்லாகக் கிடக்கும். அங்கேதான் வண்டியை மாற்றி மாற்றி ஓட்டினோம். (காப்புக்காட்டுக்குள் போய் இந்த வேலையைச் செய்யாதீர்கள், வழக்காகிவிடும்.)

கேஎக்ஸை முதல் கியரில் மெதுவாக விட்டால், தேங்காய் அளவு கல்லில் முன்சக்கரம் முட்டியதுமே ஹேண்டில்பார் பக்கவாட்டில் பிடுங்குகிறது. ஃபோர்க் (முன்பக்க சஸ்பென்ஷன்) அமுங்கிச் சக்கரம் கல் மேல் ஏறுவதற்குள் வண்டி கல்லை விட்டுத் தெறித்து விலகிவிடுகிறது. கொஞ்ச தூரத்திலேயே முன்கை இறுகி, கிளட்ச் லீவரை இழுக்க விரல் வரவில்லை. அதே கல், அதே வேகம், இஎக்ஸ்சி என்றால் கைப்பிடியில் ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான்.

சரி, அமுங்குவதைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷன் கிளிக்கரை முழுக்கத் திறந்துவிட்டால்? அதையும் பார்த்தோம். சரளையில் வரும் கடகடப்பு குறைந்தது. பெரிய கல்லின் அடி அப்படியே இருந்தது. கிளிக்கர் செய்வது, எண்ணெய் போகும் ஒரு சின்னத் துளையை ஊசியால் கூட்டிக் குறைப்பதுதான். ஃபோர்க் நிதானமாக அமுங்கும்போது எண்ணெய் பெரும்பாலும் அந்தத் துளை வழியாகப் போய்விடும். கல்லில் முட்டும்போது ஃபோர்க் படாரென்று உள்ளே போக வேண்டும். அவ்வளவு எண்ணெய் துளைக்குள் அடங்காது, பிஸ்டன் மேல் அடுக்கியிருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை வளைத்துக்கொண்டுதான் வழி தேட வேண்டும். மோட்டோகிராஸ் வண்டியில் அந்த அடுக்கு, ஆளும் வண்டியுமாக உயரத்திலிருந்து வந்து விழுவதைத் தாங்கக் கெட்டியாக வைத்தது. வண்டி நடை வேகத்தில் போனாலும் கல்லின் அடி ஷிம்முக்குத்தான் போகும். 60 கிலோமீட்டரில் ஜம்ப்பின் முகப்பில் ஏறும்போது வரும் அமுக்கத்தில் கிளிக்கருக்கு வேலை இருக்கிறது. பின்ஷாக்கில் ஹைஸ்பீடு கம்ப்ரெஷனுக்கு (படாரென்று அமுங்கும் அசைவுக்கு) தனி நட் இருப்பதால் பின்பக்கம் ஓரளவு அடங்கியது. ஃபோர்க்கில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே என் பதில்: கிளிக்கரால் மோட்டோகிராஸ் வண்டி எண்டூரோ ஆகாது. பிரித்து ஷிம்மை மாற்றி அடுக்க வேண்டும்.

மறுபக்கமும் பார்த்தோம். கோவைக்குப் பக்கத்து டிராக் ஒன்றில் இஎக்ஸ்சி-யை இறக்கினோம். சின்ன ஜம்ப் எல்லாம் சுகம். டேபிள்டாப்பில் (மேலே சமதளமாக இருக்கும் ஜம்ப்) இறக்கச் சரிவை எட்டாமல் சமதளத்திலேயே வந்து விழுந்தால், ஃபோர்க் அடி தொட்டு 'டங்'கென்று ஒரு சத்தம், மணிக்கட்டு வரை ஏறுகிறது. பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது, த்ராட்டில் கொடுத்தால் பின்பக்கம் உட்காருகிறது. இங்கே கம்ப்ரெஷனைக் கூட்டியது உடனே பலன் தந்தது, ஏனென்றால் இது மெதுவான அசைவு. டங் மட்டும் போகவில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த வண்டிகளுக்குக் கம்பெனி வைக்கும் ஸ்பிரிங் 75 முதல் 85 கிலோ எடையுள்ள ஆளுக்கானது. நான் 62. நம்மில் பலர் அந்த எடைக்குக் கீழேதான். அப்புறம் வண்டி முரட்டுத்தனமாக இருக்கிறது என்று வால்விங்கை (அந்த ஷிம் அடுக்கை) குறை சொன்னால் எப்படி? முதலில் சாக் (sag, எடைக்குச் சஸ்பென்ஷன் இறங்கும் அளவு) அளந்து பாருங்கள். பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஆக்ஸிலிலிருந்து மட்கார்டில் ஓர் அடையாளம் வரை டேப் பிடியுங்கள். வண்டியைத் தரையில் விட்டு ஓர் அளவு, பூட்ஸ் ஹெல்மெட் எல்லாம் மாட்டி ஏறி நின்று ஓர் அளவு. ஏறி நிற்கும்போது 100 முதல் 110 மிமீ இறங்க வேண்டும், வெறும் வண்டி 30 முதல் 40. ஆள் ஏறிய சாக் 105-க்கு வரும்படி ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் இறுக்கம்) தளர்த்தினேன். இப்போது வெறும் வண்டியே 50-க்கு மேல் இறங்குகிறது. அப்படி வந்தால் ஸ்பிரிங் நம் எடைக்கு அதிகக் கெட்டி என்று அர்த்தம். ஒரு படி மென்மையான ஸ்பிரிங் போட்டேன். ஓடையில் பாதித் தொல்லை அதிலேயே போயிற்று.

ராலிக்கிட், ஓசூர்

செம்மண் ப்ரோ சொல்வது பல லட்சம் போகும் வண்டிகள். நம்ம கையில் இருப்பது எக்ஸ்பல்ஸ் 200 4வி, ராலி கிட் (சஸ்பென்ஷனை உயர்த்தும் செட்) போட்டது. முன்னால் 190 மிமீ பயணம் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்) 250 ஆகிறது, பின்னால் 170 இருந்தது 220. முன்னும் பின்னும் அட்ஜஸ்ட் செய்யலாம். கல் பாதையில் இந்தக் காசுக்கு இதைவிட என்ன வேண்டும்? டிராக்கில்தான் கணக்கு வேறு. கேஎக்ஸ் 110 கிலோவுக்குள், என் வண்டி ஏறக்குறைய 160. ஐம்பது கிலோ அதிகமாகத் தூக்கிக்கொண்டு குறைந்த பயணத்தில் இறங்க வேண்டும். அதனால் ஜம்ப்பில் பறக்காமல் உருட்டிவிட்டே போவேன், வெட்கமில்லை.

நான் சொல்ல வந்தது ரீபவுண்ட் பற்றி, அதாவது அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்ப மேலே வருவது. அதன் கிளிக்கரை மூடினால் மெதுவாக வரும், திறந்தால் வேகமாக வரும். திருப்பத்துக்கு முன்னால் எல்லோரும் பிரேக் பிடித்துப் பிடித்து மண் அலை அலையாகிவிடும். அங்கே பின்பக்கம் உதைக்கிறது என்று ரீபவுண்டை மூடிக்கொண்டே போனேன். முதல் இரண்டு அலைக்கு நன்றாக இருந்தது. மூன்றாவது, நான்காவதில் பலகை மேல் உட்கார்ந்த மாதிரி. ஷாக் மேலே வருவதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் கீழே போய், கடைசியில் அமுங்க இடமே இல்லை. ரீபவுண்டை இரண்டு கிளிக் திறந்தேன், உதை குறைந்தது. நண்பர்கள் ஆளாளுக்கு 'இன்னும் மூடு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஃபோர்க் ஆயில், திருச்சி

சஸ்பென்ஷன் பிரித்து மாட்டுவது என் தொழில். தம்பிகள் இரண்டு பேர் சொன்னதும் சரி, ஆனால் காற்று ஃபோர்க்கை யாரும் தொடவில்லை. கேடிஎம்மின் எஸ்எக்ஸ் வரிசையில் வரும் ஏஇஆர் ஃபோர்க்கில் ஸ்பிரிங் கிடையாது. ஒரு காலில் காற்று, இன்னொரு காலில் டேம்பிங் (அசைவை அடக்கும் எண்ணெய்ப் பகுதி). உங்களைப் போல எடை குறைந்தவர்களுக்கு இது வரம், பம்ப் இருந்தால் போதும், ஸ்பிரிங் வாங்க வேண்டியதில்லை. ஆனால் காற்றழுத்தத்தில் 0.2 பார் வித்தியாசம் கைக்குத் தெரியும். காலை 25 டிகிரியில் 10.7 பார் வைத்த ஃபோர்க், உள்ளே இருக்கும் காற்று 45 டிகிரியைத் தொட்டால் கேஜில் கிட்டத்தட்ட 11.5 காட்டும். நம் ஊர் வெயிலில் பிக்கப்பில் நின்ற வண்டியை அப்படியே எடுத்துக் காற்றை இறக்கிவிட்டு, மறுநாள் காலை ஃபோர்க் தொய்கிறது என்று என்னிடம் வருகிறார்கள். நிழலில் நிறுத்தி, ஆறவிட்டு, முன்சக்கரம் தரையில் படாமல் அளங்கள்.

ஸ்பிரிங் ஃபோர்க் வைத்து மலையேறுபவர்கள், மேலே போனதும் ஸ்டாண்டில் தூக்கி, ஃபோர்க் தலையில் இருக்கும் காற்றுத் திருகை ஒரு முறை திறந்து மூடுங்கள். 'உஸ்' என்று வரும். மலைக்குக் கீழே அடைபட்ட காற்று உயரத்தில் கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும்.

செம்மண் தம்பி, டங் என்று அடித்தது என்கிறீர்கள், ஃபோர்க் எவ்வளவு போகிறது என்று அளந்தீர்களா? பளபளப்பான கீழ்க்குழாயில் ஒரு ஜிப்டை கட்டுங்கள். ஓட்டி வந்ததும் அது எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு சுற்றில் பெரிய ஜம்ப்பில் மட்டும் அடி தொட்டால் செட்டப் சரிதான். எப்போதுமே தொடாமல் நாலு விரற்கடை மிச்சம் இருக்கிறது என்றால், நீங்கள் கொடுத்த காசில் கொஞ்சம் வீணாகக் கிடக்கிறது.

இன்னொன்று. ஃபோர்க் சீலில் எண்ணெய் கசிந்தால் உடனே புதுசு மாற்றாதீர்கள். முக்கால்வாசி மண் துகள் சிக்கியதுதான். பழைய எக்ஸ்ரே ஷீட்டைக் கொக்கி போல வெட்டி, டஸ்ட் சீலைக் கீழே இறக்கி, ஷீட்டை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றுங்கள். கறுப்பாக மண் வெளியே வரும்.

செம்மண், கோவை

ஜிப்டை கட்டிப் பார்க்கிறேன் அண்ணே. என் ஸ்பிரிங் நம்பரை (ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண்) தனியாகக் கேட்டவர்களுக்கு: அதை அப்படியே இஎக்ஸ்சி-க்கு வாங்கிவிடாதீர்கள். கேஎக்ஸ் லிங்கேஜ் வண்டி, அதாவது ஷாக்குக்கும் பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங்ஆர்முக்கும் நடுவே இணைப்புத் தண்டுகள் உண்டு. இஎக்ஸ்சி-யின் பிடிஎஸ் ஷாக் லிங்கேஜ் இல்லாமல் நேராக ஸ்விங்ஆர்மில் மாட்டியது. லிங்கேஜ் வண்டிகளில் 40-களிலும் 50-களிலும் இருக்கும் ஸ்பிரிங் எண், பிடிஎஸ்ஸில் 60-களுக்குப் போகும். எண் பெரிதாக இருப்பதால் அது கெட்டி என்று ஆகாது. உங்கள் வண்டி மாடல், எடை இரண்டையும் சொல்லிக் கேளுங்கள்.