பல ஆண்டுகள் கிடந்த ஸ்கூபா கருவிகள்: தரையில் செய்யும் சோதனை போதுமா?

கேள்வி

வணக்கம். பணிச்சுமையாலும் குடும்பப் பொறுப்புகளாலும் பல ஆண்டுகளாக டைவிங் செய்ய இயலவில்லை. மீண்டும் தொடங்க எண்ணி, மூடி வைத்திருந்த பெட்டியைத் திறந்திருக்கிறேன். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி), பி.சி.டி. (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் மேலாடை), ஆழத்தையும் நேரத்தையும் காட்டும், கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர், நியோபிரீன் (நுரை ரப்பர்) உடை, அலுமினியச் சிலிண்டர் ஆகியவை இருக்கின்றன. அனைத்தையும் நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்திய பிறகே உள்ளே வைத்தேன் என்பதால் பார்வைக்குப் பழுதில்லாமல் தெரிகின்றன. சிலிண்டரில் காற்று மிச்சமிருந்ததால் ரெகுலேட்டரைப் பொருத்தித் தரையில் அமர்ந்தபடியே சிறிது நேரம் மூச்சு விட்டுப் பார்த்தேன். காற்று தடையின்றி வந்தது. கசியும் ஓசை எங்கும் கேட்கவில்லை.

இந்தச் சோதனையை நம்பி ஆழம் குறைந்த இடத்திலாவது இறங்கலாமா? எவற்றை நானே பார்த்துக்கொள்ளலாம், எவற்றைக் கட்டாயம் டெக்னீஷியனிடம் கொடுக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

வணக்கம். இறங்க வேண்டாம். தரையில் ரெகுலேட்டர் நன்றாக மூச்சுத் தருவது அது கெட்டுவிடவில்லை என்பதற்குச் சான்றாகாது. தரையில் நாம் சுற்றுப்புற அழுத்தமான 1 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) மூச்சு இழுக்கிறோம். 30 மீட்டர் ஆழத்தில் அந்த அழுத்தம் 4 பார் ஆகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று ரெகுலேட்டரின் முதல் நிலையின் (சிலிண்டரில் பொருத்தி, அழுத்தத்தைக் குறைக்கும் பகுதி) வழியாகப் பாய்ந்தாக வேண்டும். பாதி அடைத்துப்போன வடிகட்டியோ, சரியாகத் திறக்காத வால்வோ தரையில் கேட்கும் சிறிய அளவை எளிதாகக் கொடுத்துவிடும். ஆழத்தில், அதிலும் பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போதுதான் அதன் குறை வெளிப்படும்.

ஆகவே எந்த நிலையில் இருந்தாலும் ரெகுலேட்டரை முழுமையாகப் பிரித்துச் சர்வீஸ் செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஓ-ரிங்குகளும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) டயாஃப்ரமும் (அழுத்தத்துக்கு அசையும் ரப்பர் சவ்வு) பயன்படுத்தினால்தான் தேயும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெட்டியில் சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகும், நெகிழ்வை இழக்கும். இரண்டாம் நிலையில் (வாயில் வைக்கும் பகுதி) நெம்புகோலின் வில், வால்வின் மென்மையான இருக்கையை (காற்றை அடைக்கும் பரப்பு) ஆண்டுக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருப்பதால் அங்கு ஆழமான தடம் பதிந்திருக்கும்.

கொடுப்பதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. முதல் நிலையின் காற்று நுழைவாயிலில் உள்ள சிறு வடிகட்டியின் நிறத்தைக் கவனியுங்கள். பச்சை படிந்திருந்தால் உப்புநீர் உள்ளே புகுந்து பித்தளைப் பாகங்களை அரித்திருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் எப்போதோ ஒரு துருப்பிடித்த எஃகுச் சிலிண்டரின் தூள் வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்ததாக, சிலிண்டரிலிருந்து கழற்றி, தூசு மூடியை மாட்டிவிட்டு, இரண்டாம் நிலையில் வாய் வைத்து மெதுவாக இழுங்கள். காற்று சிறிதும் வரக் கூடாது. வந்தால் வெளிமூச்சு வால்வு, டயாஃப்ரம், வாய்ப்பகுதி ஆகியவற்றில் ஏதோ ஒன்று கிழிந்திருக்கிறது. நீருக்குள் அவ்வழியே தண்ணீர் வாய்க்குள் வரும்.

ஹோஸ்களின் முனைகளில் உள்ள பாதுகாப்பு உறைகளைப் பின்னால் தள்ளிவிட்டு வளைத்துப் பாருங்கள். வெடிப்புகள் பெரும்பாலும் அந்த உறைகளுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். பின்னல் உறை போட்ட ஹோஸ்களில் வெளிப்புறம் பளபளப்பாக இருக்கும்போதே உட்குழாய் சிதைந்து, படிகம் போன்ற துகள்கள் காற்று வழியை அடைத்த நிகழ்வுகள் உண்டு. அதனால் பழைய பின்னல் ஹோஸ்களைச் சோதிப்பதை விட மாற்றிவிடுவதே சரி.

சர்வீஸ் முடிந்து வந்ததும் இடையழுத்தம் (முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குச் செல்லும் காற்றின் அழுத்தம்) எவ்வளவு வைக்கப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலான ரெகுலேட்டர்களில் அது 9 முதல் 10 பார் வரை இருக்கும். எண்ணை விட முக்கியம், அது நிலைத்து நிற்கிறதா என்பதே. மூச்சு இழுத்து நிறுத்திய பிறகும் அழுத்தமானியின் முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் முதல் நிலையின் உயரழுத்த இருக்கை சரியாக மூடவில்லை என்று பொருள். சற்று நேரத்தில் இரண்டாம் நிலை தானாகவே காற்றைக் கொட்டத் தொடங்கும்.

உங்கள் மாடலுக்கான உதிரிப்பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த ரெகுலேட்டருக்கு விடை கொடுக்க வேண்டியதுதான்.

பதில் 2

மேலே உள்ள பதிலுடன் முழுமையாக உடன்படுகிறேன். எனினும் என் கவலை சிலிண்டரைப் பற்றியதே, ஏனெனில் அது உங்களை மட்டுமின்றி, அதற்குக் காற்று நிரப்புபவரையும் சேர்த்துத் தாக்கக்கூடியது.

சிலிண்டரின் தோள்பகுதியில் குத்தப்பட்டுள்ள எழுத்துகளை நிதானமாகப் படியுங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும், கடைசியாக நீரழுத்தச் சோதனை (நீரை அழுத்தத்துடன் நிரப்பிச் சிலிண்டரின் உறுதியைப் பார்ப்பது) செய்த மாதமும் ஆண்டும் அங்கே இருக்கும். பல நாடுகளில் அச்சோதனைக்கு 5 ஆண்டு இடைவெளி வகுத்திருக்கிறார்கள். உட்புறத்தைக் கண்ணால் பார்க்கும் ஆய்வு அதைவிடக் குறைந்த இடைவெளியில் செய்யப்படுகிறது. தயாரிப்பு ஆண்டு 1990-க்கு முன்னதாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அக்காலத்து அலுமினியச் சிலிண்டர்கள் பலவற்றில் 6351 என்ற உலோகக் கலவை பயன்பட்டது. சில நாடுகளில் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. நீண்ட காலம் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும்போது அந்தக் கலவையின் கழுத்துப் பகுதியில், மரைகளை ஒட்டி, நுண்ணிய விரிசல் உருவாகி வளரக்கூடும். சில சிலிண்டர்கள் நிரப்பும்போதே வெடித்திருக்கின்றன. பின்னர் வந்தவை 6061 கலவையால் ஆனவை; அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. பழைய கலவைக்கு எடி கரண்ட் எனப்படும் மின்சுழல் சோதனை உண்டு என்றாலும், பல நிலையங்கள் அத்தகைய சிலிண்டரை நிரப்பவே மறுக்கின்றன. அந்த மறுப்பை நான் நியாயமாகவே கருதுகிறேன்.

உள்ளே மிச்சமிருக்கும் பழைய காற்றை இனி மூச்சுக்குப் பயன்படுத்தாதீர்கள். வால்வை மிகச் சிறிதளவு திறந்து மெதுவாக வெளியேற்றுங்கள். எஃகுச் சிலிண்டர் வைத்திருப்போருக்கும் ஒரு சொல்: உள்ளே ஈரம் இருந்து துருப்பிடித்தால், அத்துரு காற்றிலுள்ள ஆக்சிஜனை உட்கொண்டுவிடும். அழுத்தமானி நிறைவாகக் காட்டும், ஆனால் அந்தக் காற்றில் உயிர் காக்கப் போதிய ஆக்சிஜன் இல்லாமல் போகலாம். சிலிண்டர் வால்வை நீங்களாகக் கழற்ற முயல வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. முத்திரையைப் பார்த்தேன். தயாரிப்பு 1990-க்கு நன்கு பிந்தையது. ஆனால் நீரழுத்தச் சோதனையின் காலம் எப்போதோ கடந்துவிட்டது. காற்றை வெளியேற்றிவிட்டேன், ரெகுலேட்டருடன் அதையும் ஒப்படைக்கப் போகிறேன். வடிகட்டியின் ஓரத்தில் இலேசான பச்சையும் தெரிகிறது. பி.சி.டி.யையும் கம்ப்யூட்டரையுமாவது நானே பார்த்துக்கொள்ளலாமா?

பதில் 3

பி.சி.டி.யைப் பெருமளவு நீங்களே சோதிக்கலாம். வாயால் ஊதாமல் பம்பு கொண்டு முழுமையாக நிரப்பி ஓரிரவு விட்டுவையுங்கள். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த காற்றுப்பைக்குள் பூஞ்சை வளர்ந்திருக்கலாம். அதை நுரையீரலுக்குள் இழுப்பது ஆபத்து என்பதால், முதலில் உட்புறத்தைக் கிருமிநாசினிக் கரைசலால் அலசி, பிறகு நன்னீரால் பலமுறை கழுவுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் சோப்பு நீரைத் தடவி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெளியேற்று வால்வில் மணலோ உப்போ சிக்கியதாக இருந்தால் சுத்தம் செய்தாலே தீரும். தையலோரம் கசிந்தால் ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தாதீர்கள்.

காற்று நிரப்பும் பொத்தானைத்தான் நான் மிகுந்த கவனத்துடன் பார்ப்பேன். உப்புப் படிந்து அது அழுந்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டால், பை தானாக உப்பி உங்களைக் கட்டுப்பாடின்றி மேலே இழுத்துச் சென்றுவிடும். அதன் உள் வால்வையும் ரெகுலேட்டருடன் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், சிறிய வேலைதான்.

கம்ப்யூட்டரில் மின்கலம் கசிந்து உள்ளே அரித்திருக்கிறதா என்று பாருங்கள். மின்கலத்தோடு அதன் மூடியின் ஓ-ரிங்கையும் மாற்ற வேண்டும். அழுத்த உணரியின் துளையில் உப்பு அடைத்திருந்தால் ஆழம் தவறாகக் காட்டும். வெதுவெதுப்பான நீரில் ஊறவிடலாம், ஊசியால் குத்தக் கூடாது. முதல் டைவில் துணைவரின் கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பழைய நியோபிரீன் அமுங்கித் தன் மிதப்பை இழந்திருக்கும். உங்கள் உடல் எடையும் மாறியிருக்கலாம். எனவே பழைய குறிப்பேட்டில் உள்ள ஈய எடையை அப்படியே கட்டாதீர்கள். பயிற்றுநர் ஒருவருடன் நீச்சல் குளத்தில் இறங்கி, பி.சி.டி.யைக் காலி செய்து, இயல்பான மூச்சைப் பிடித்து அசையாமல் நின்றால் கண் மட்டத்தில் நீர் நிற்கும்படி எடையைச் சரிசெய்யுங்கள். நிறைந்த சிலிண்டரோடு இதைச் செய்தால், டைவ் முடிவில் காற்று குறைந்து சிலிண்டர் இலேசாவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பாரில் அடங்கும் காற்றின் எடை இரண்டரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். 50 பாருக்கு இறங்கும்போது அதில் ஏறத்தாழ 2 கிலோ போய்விடும். அந்த அளவு ஈயத்தைக் கூட்டாவிட்டால் 5 மீட்டரில் பாதுகாப்பு நிறுத்தத்தில் (மேலேறும் வழியில் சற்று நேரம் நிற்பது) உங்களால் நிலைத்து நிற்க முடியாது.