தெருவைத் திருத்த ஒருவர் அரசு வேலைக்குப் போவது வீணா?

தேன்மொழி:
கட்டடப் பொறியியல் படித்த என் தம்பி, தனியார் வேலையை விட்டுவிட்டு மாநகராட்சிப் பொறியாளர் தேர்வுக்குப் படிக்கிறான். நல்ல நடைபாதை போட வேண்டுமாம். அவனுக்கு முன்மாதிரி ஜேனட் சாதிக்-கான். 2007 முதல் 2013 வரை நியூயார்க்கின் போக்குவரத்து ஆணையர். 2009 மே மாதம் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையை வண்டிகளுக்கு மூடி, மடக்கு நாற்காலிகளைப் போட்டு மக்களை உட்கார வைத்தவர். அங்கே நடந்து போகிறவர்கள் காயமடைவது 35 சதவீதம் குறைந்தது. தம்பியின் முடிவு சரி என்றே எனக்குப் படுகிறது.

மாம்பலத்தான்:
தம்பியின் ஆசையைக் குறை சொல்லவில்லை அம்மா. ஆனால் அந்த அம்மையாருக்குப் பின்னால் மேயர் புளூம்பெர்க் உறுதியாக நின்றார். இங்கே விதிக்குக் குறைவில்லை. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்கிறது. 2014-லேயே சென்னை மாநகராட்சி, போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் என்று கொள்கை வகுத்தது. எழுதியது எழுதியபடி நடந்திருந்தால் வயதானவர்கள் இன்று பைக்குகளுக்கு நடுவே நடப்பார்களா? மேலே இருப்பவர் மாறினால் கோப்பு அடியில் போய்விடும். ஒரு பொறியாளர் என்ன செய்ய முடியும்?

மூன்றாம் சக்கரம்:
நான் சக்கர நாற்காலியில் போகிறவன். ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் நடைபாதை போட்டார்கள், அகலமாகத்தான். பைக் ஏறக் கூடாது என்று வாசலில் மூன்று இரும்புத் தூண் நட்டார்கள். பைக் சந்தில் புகுந்து ஏறிவிட்டது, என் நாற்காலி நுழையவில்லை. எட்டு மாதம் சாலையிலேயே போனேன். பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்போது முதுகு சில்லென்று போகும். அப்புறம் புதிதாக ஓர் இளநிலைப் பொறியாளர் வந்தார். என்னை ஒருமுறை ஏறிக் காட்டச் சொன்னார். மறுநாள் நடுத்தூணைப் பிடுங்கினார்கள். அரை மணி நேர வேலை ஐயா. பணமும் விதியும் முன்பே இருந்தன, நின்று பார்க்க ஆள்தான் இல்லை.

மாம்பலத்தான்:
அவர் மாற்றலாகிப் போனதும் தூண் திரும்ப வந்தால்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. தெருக்காரர்கள் சேர்ந்து அதைக் கையில் எடுக்க வேண்டும். நல்லவர் வருவாரா என்று காத்திருக்கக் கூடாது.

தேன்மொழி:
வழக்கில் ஜெயித்தாலும் தூணைப் பிடுங்க உள்ளே ஒருவர் வேண்டுமே ஐயா. சாதிக்-கான் 2013-இல் போய்விட்டார், சதுக்கம் மக்களிடமே இருக்கிறது. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதையும் அப்படித்தானே?

மாம்பலத்தான்:
சரி, அங்கே என் அம்மா யார் கையையும் பிடிக்காமல் நடக்கிறார். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது பெரிய கடைத்தெரு. ரேஷன் கடைக்குப் போகிற சந்துகளை யார் பார்ப்பார்கள்?

மூன்றாம் சக்கரம்:
தேன்மொழி, தேர்வு முடிந்ததும் தம்பியை எங்கள் ஊருக்கு அனுப்புங்கள். எங்கள் ரேஷன் கடைச் சந்தில் நான் நாற்காலியில் முன்னே போகிறேன், அவர் அளவுநாடாவோடு பின்னே வரட்டும். மாம்பலத்து ஐயாவும் வரலாம்.