பழைய தோட்டத்துக்கு விழா எடுக்கும்போது: ஹுமாயூன் சமாதித் தோட்டத்தின் மட்டக் கணக்கும் மற்றவையும்

டெல்லி ஹுமாயூன் சமாதியைச் சுற்றியுள்ள 30 ஏக்கர் சார்பாக் தோட்டத்தை (வாய்க்காலும் பாதையும் நான்கு பாகமாகப் பிரிக்கும் தோட்டம்) ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து சீரமைத்து, 2003 ஏப்ரலில் திறந்தார்கள். வருகிறவர் கண்ணில் படுவது புல்லும் நீரூற்றும்தான். வேலை தெரிந்தவர் முதலில் குனிந்து பார்ப்பது வாய்க்காலை. காலப்போக்கில் சேர்ந்திருந்த மண்ணில் 12,000 கன மீட்டர், அதாவது 3,000 லாரி லோடு, வெளியேறியது. வாய்க்காலுக்குக் கொடுத்த சரிவு 40 மீட்டருக்கு 1 செ.மீ. நடுவில் ஒரே ஒரு கல் 3 மி.மீ. தூக்கிக்கொண்டாலும் 12 மீட்டர் தூரத்துச் சரிவு போய்விடும். தண்ணீர் ஓடாது, குட்டையாக நிற்கும்.

இந்தச் சரிவை ரசமட்டத்தை வைத்துப் பிடிக்க முடியாது. முக்காலியில் நிறுத்தித் தொலைநோக்கி வழியாக உயரம் பார்க்கிற ஆட்டோ லெவல் வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம்தான் கையில் இருக்கிறதென்றால் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயில் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தால் அளவு பொய் சொல்லும். விடியற்காலையில் பிடிப்பது உத்தமம்.

விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஒரு தடவை தண்ணீர் விட்டு, வடியவிட்டு, தேங்குகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அப்போதுதான் கல்லைப் பெயர்த்து மறுபடி பதிக்க நாள் இருக்கும். கடைசியாக நிரப்புவதை முந்தின நாள் மாலையில் வைத்துக்கொண்டால் போதும். நாலைந்து நாள் முன்பே நிரப்பினால் பாசி பிடித்து, திறப்பு விழாவன்று பச்சைத் தண்ணீர்தான். அளவு எளிது: 30 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம், 100 மீட்டர் நீளம் என்றால் 1,500 லிட்டர். ஆவியாவதும் கசிவும் சேர்த்துத் தொட்டியில் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*

கல் பெயர்ப்பு பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். பெயர்த்த கல்லைச் சிமெண்டில் பதிக்காதீர்கள். தேதி நெருங்கினால் எல்லாரும் செய்கிற தப்பு இது. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் மணற்கல் வழியாகத்தான் வெளியேறும். உப்புப் பூத்து, இரண்டு மூன்று மழைக்காலத்தில் கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும்.

சுண்ணாம்புக் காரைதான் சரி. நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று வாரம் ஊற வேண்டும், மாதக்கணக்கில் ஊறினால் இன்னும் நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மணலும் செங்கல் தூளும் சேர்ந்து மூன்று பங்கு. வடக்கே வெல்லத்தோடு வில்வப்பழச் சாறு, உளுந்து என்று சேர்ப்பார்கள். நம் ஊரில் கடுக்காயும் வெல்லமும். பூசியபின் மூன்று வாரம் ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள். ஆகவே தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால், சுண்ணாம்பு நீற்றும் வேலை விழாவுக்கு இரண்டு மாதம் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும். அழைப்பிதழ் அச்சடித்த பிறகு சுண்ணாம்பு வாங்கப் போகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

*

இனி புல்லைப் பற்றி. டெல்லியில் அறுகு டிசம்பர், ஜனவரியில் பழுத்துப்போய்த் தூங்கும். ஏப்ரல் என்றால் மாலை நிகழ்ச்சி மட்டும். அக்டோபர் கடைசியோ பிப்ரவரி முடிவோ வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

புல்வெளியைக் கெடுப்பது கூட்டமில்லை, ஈரத்தில் வருகிற கூட்டம். ஈர மண்ணை மிதித்தால் மண்ணுக்குள் இருக்கிற காற்றுவழி அடைபட்டு வேர் மூச்சு முட்டும். அதனால் மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். அன்றே வெட்டும் வேலையையும் முடியுங்கள், நாலு செ.மீ.க்குக் கீழே போகாமல். விழா முடிந்ததும் கவைமுள்ளால் (கைப்பிடி வைத்த பெரிய முள்கரண்டி மாதிரி) பத்து செ.மீ. ஆழத்துக்கு, சாண் இடைவெளியில் குத்தி, மணல் தூவி, பிறகு தண்ணீர்.

பந்தலுக்கு முளை அடிக்க விடவே விடாதீர்கள். அடியில் குழாய் போகிறது, பழைய கட்டுமானமும் இருக்கலாம். காலுக்கு ஒரு 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பிக் கட்டினால் 200 கிலோ பிடிமானம் கிடைக்கும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடமென்றால் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சேர்த்தே முன்கூட்டி அனுமதி வாங்கிவிடுங்கள்.

*

பிரமுகர் கையால் மரம் நடுகிற சடங்கு: பத்தடி மரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் படம் நன்றாக விழும், மரம் வெயிலில் போய்விடும். கிளைக்கு ஈடான வேர் அதற்கு இல்லை. மூன்றடிக் கன்று போதும். மூன்றடிக்கு மூன்றடிக் குழி இரண்டு வாரம் முன்பே வெட்டி ஆறப்போடுங்கள். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே நிற்கட்டும். ஹுமாயூன் தோட்டத்தில் 2,500க்கு மேற்பட்ட மரமும் செடியும் வைத்தார்கள். மா, எலுமிச்சை, வேம்பு, செம்பருத்தி, மல்லிகை எல்லாம் அதில் உண்டு. எதைக் கொடுக்கலாம் என்று குழம்புகிறவர்கள் அந்தப் பட்டியலிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

*

விளக்கு வைக்கப்போகிறீர்களா? அகலை நேராக மணற்கல்லில் வைத்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். புதுக்கறை என்றால் முல்தானி மட்டியைக் குழைத்து அப்பி, காயவிட்டு உதிர்க்கலாம். இரண்டு மூன்று தடவை செய்தால் ஓரளவு வரும். பழைய கறை போகவே போகாது. தட்டில் இரண்டு விரல்கடை மணல் பரப்பி அதன்மேல் அகலை வையுங்கள். கோலப்பொடியில் சாயம் வேண்டாம். பூவும் காய்ந்த தரையில்தான், ஈரத்தில் சாமந்தி மஞ்சள் இறக்கும்.

*

பூ என்றதும் ஞாபகம் வந்தது, மழைநீர்க் குழி. ஹுமாயூன் தோட்டத்தில் நிலத்தடிக்கு நீர் இறக்க 128 குழிகள் வெட்டினார்கள். விழா நாளில் அந்த மாதிரிக் குழிவாயில் போய் உட்காருவது இதழும் பாட்டில் மூடியும்தான். காலையிலேயே வாய்க்குச் சாக்கு கட்டி மூடிவிட்டு, இரவு கூட்டிப் பெருக்கிய பிறகு அவிழ்த்துவிடுங்கள். அவிழ்க்க ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். இல்லாவிட்டால் சாக்கு அடுத்த மழை வரை அங்கேயே இருக்கும்.